ரெண்டு விரல் பாக்கி

செருப்பைக் கழட்டிவிட்டுத்தான் உயரம் அளக்கும் என் பலகையில் நிற்க வேண்டும். அதில் மாற்றுப் பேச்சே கிடையாது. காலுறைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள், உச்சந்தலையில் கொண்டை போட்டு உயரம் காட்டும் பிள்ளைகள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. பிள்ளைகளையாவது மன்னிக்கலாம். பின்னால் நின்றுகொண்டு "எக்கி நில்லு, எக்கி நில்லு" என்று கண்ணைக் காட்டும் அப்பன்மாரை என்ன செய்வது? நான் வேலை பார்க்கும் பொழுதுபோக்குப் பூங்காவில் எனக்குக் கறார் அக்கா என்று பெயர். முதலாளியின் பேரனையே ஒரு நாள் கோட்டுக்கு ஒரு நூல் குறைவென்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அளவு விஷயத்தில் என் வாயிலிருந்து பொய் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் அதே பூங்காவில் மெக்கானிக். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து நட்டு கிடக்கும் என்பதால் எல்லாரும் அவரை நட்டு என்றே கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். எங்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது கைக்குள் அடங்கும் அளவில் இருந்ததால் கடுகு என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே நிலைத்துவிட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது அவள் பேச ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. டாக்டர் நல்ல மனிதர். "ஓடட்டும், விளையாடட்டும், பொத்திப் பொத்தி வைக்காதீங்க. ஆனா உடம்பைத் தூக்கிப் போடுற மாதிரி, பயத்துல நெஞ்சு அடிச்சுக்கிற மாதிரி எதுவும் வேண்டாம். கொஞ்சம் பெரியவளானதும் ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நாங்கள் முடிவு செய்துவிட்டோம், அவளிடம் சொல்வதில்லை என்று. மாத்திரையைச் சத்து மாத்திரை என்றோம். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்துக்கு அவளை அனுப்பாமலிருக்க ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்குக் கண்டுபிடித்தோம்.

பூங்காவில் மட்டும் சாக்கு தேவைப்படவில்லை. அங்கே அவள் ஏறக்கூடாதது என்று அப்போது ஒன்றுகூட இல்லை. குட்டி ரயில், மரக் குதிரைகள், குளத்தில் மிதிபடகு, பெரிய ராட்டினம். அந்தப் பெரிய ராட்டினமும் ஆமைக்குத் தம்பி. விடுமுறை நாளில் என்னோடு வருவாள். ஒன்று விடாமல் ஏறி இறங்கிவிட்டு, சோளப்பொரி விற்கும் அக்காவிடம் கைநிறைய வாங்கிக் கொறித்துக்கொண்டு என் பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அவளும் ஒரு பிள்ளை. வேறு இடத்தில் நல்ல வேலை வந்தபோதெல்லாம் நான் போகாமல் இருந்தது அதனால்தான்.

பிறகு சின்னவருக்கு யோசனை வந்தது. சின்னவர் என்பது முதலாளியின் மகன். கேன்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து, சுவரில் படம் காட்டினார். சிவப்புத் தண்டவாளம் ஒன்று வானத்தில் ஏறி, சுருண்டு, தலைகுப்புற விழுந்தது.

"பத்து வயசு தாண்டின பிள்ளைங்க நம்மகிட்ட வர்றதில்ல. ஒரு தடவை வருது, இது பாப்பா பூங்கான்னு சொல்லிட்டுப் போயிடுது. ரோலர் கோஸ்டர் ஒண்ணு போடுவோம். அப்புறம் இன்னும் ரெண்டு. நீங்கதான் தெனம் ஜனங்களைப் பாக்குறீங்க. சொல்லுங்க, போடலாமா, வேண்டாமா?"

கேட்டது அவர் குற்றம். நான் எழுந்தேன்.

"வேண்டாம் சார். குடும்பப் பூங்கான்னு வாசல்ல எழுதி வச்சிருக்கீங்க. இதைப் போட்டா ஒரு குடும்பம் உள்ள வந்ததும் ரெண்டா பிரிஞ்சிடும். ஏறுறவங்க ஒரு பக்கம், அவங்க பையைத் தூக்கிட்டு நிக்கிறவங்க ஒரு பக்கம். தாத்தா நிப்பாரு, மாசமா இருக்கிற பொண்ணு நிக்கும், சின்னது நின்னு அழும். இப்ப எல்லாரும் ஒரே வண்டியில ஏறுறாங்களே, அது வேற எங்க இருக்கு?"

கேன்டீனில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் சொல்லாத உண்மை ஒன்று இருந்தது. இந்த உலகத்தில் என் மகளிடம் யாரும் உன்னால் முடியாது என்று சொல்லாத ஒரே இடம் இது. அதையும் கெடுக்காதீர்கள்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பார்த்தால் என் வீட்டுக்காரர். கூட்டத்தில் கொட்டாவி விடக்கூட வாயைத் திறக்காத மனிதர்.

"போடலாம் சார்" என்றார். "வளர்ற பிள்ளைக்கு, வளர்ந்தா ஏறுறதுக்குன்னு ஒண்ணு இருக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுவதற்கு முன்பே பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? ஊர்ல எவன் வேணா கை தூக்கட்டும், நீங்க தூக்கலாமா?"

"அவதான் கேட்டா."

"என்ன கேட்டா?"

"நம்ம பூங்காவுல வயிறு கூசுற மாதிரி ஒண்ணுமே இல்லையே, பெரிசா ஒண்ணு எப்பப்பா வரும்னு கேட்டா. கண்ணு அப்படி மின்னுது."

"வந்தா அவ ஏற முடியாதே."

"இப்ப முடியாது. ஆபரேஷன் முடிஞ்சா முடியும்ல. டாக்டர்கிட்ட கேட்டேன். பாக்கலாம்னாரு."

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். தெனம் திருப்பி அனுப்புற பிள்ளைங்ககிட்ட நான் சொல்றதே அதான். அடுத்த வருஷம் வா கண்ணு, பாக்கலாம்."

அவர் பையிலிருந்த நட்டை உருட்டினார். "அதுவரைக்கும் உசரம் பத்தலன்னு சொல்லுவோம். உசரம் பத்தலன்னா எந்தப் பிள்ளைக்கும் வெக்கம் இல்ல. எல்லாப் பிள்ளையும் அதுக்குக் காத்துக்கிட்டுதான் இருக்கு" என்றார்.

சண்டையில் நான் தோற்றது அன்றைக்குத்தான்.

ரோலர் கோஸ்டருக்கு அடித்தளம் தோண்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பாம்பு என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். எவ்வளவு உயரம் இருந்தால் ஏறலாம் என்று வரைபடத்தில் இருந்தது. அவர் அந்த அளவுக்கு ஒரு மரச்சட்டத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்கதவின் நிலையோடு அதை நிறுத்தி, அதன் தலைமட்டத்தில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டார். கதவின் தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் கீழே வந்தது கோடு. கடுகு ஓடிவந்து முதுகை ஒட்டி நின்றாள். ஒரு சாண் குறைந்தது.

"இந்தக் கோட்டைத் தொட்டுட்டா முதல் வண்டி, முதல் சீட்டு. அப்பா கையால கம்பியை மாட்டி விடுவேன்."

"தலையில அடிச்சுச் சொல்லு."

"யார் தலையில?"

"உன் தலையிலதான். என் தலையில அடிச்சா ஒரு விரல் கொறைஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் அளப்பது வழக்கமானது. ஆபரேஷனுக்குள் அவள் கோட்டைத் தொடமாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அவளோ மழைக்குப் பிந்திய புல்லைப் போல வளர்ந்தாள். டாக்டர் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார். சாணாக இருந்தது நாலு விரலாகி, மூன்றாகி, இரண்டாயிற்று. அதற்கப்புறம் ஏதேதோ சாக்குச் சொல்லிச் சில மாதம் அவர் அளக்கவே இல்லை.

ஒரு நாள் மதியம் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். கடுகு பள்ளிக்கூடம் போயிருந்தாள். கதவு நிலையில் பழைய கோட்டைக் காணோம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். சட்டத்தைக் கவிழ்த்து வைத்து அதன் அடியில் ஒரு பலகைத் துண்டை ஆணியடித்துக்கொண்டிருந்தார். கோடு மட்டும் உயர்ந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், கட்டையை வைத்துப் பார் என்பாள். ஆகவே கட்டையும் சேர்ந்து உயர வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் களவு செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு நூல் குறைந்தாலும் விடாதவளின் வீட்டில் இப்படி ஒரு கோடு. அவர் விரலில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது, பிள்ளை பார்த்துவிடக் கூடாதே என்று மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு "நீ அளந்து சொல்லு" என்றார். "உங்க கோடு, நீங்களே அளந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தேன். அவள் உச்சிக்கும் கோட்டுக்கும் நடுவில் அவர் தன் இரண்டு விரலை நுழைத்தார்.

"ரெண்டு விரல் பாக்கி."

"ச்சே" என்றாள் கடுகு.

அதற்குப் பிறகு எப்போதும் அதே இரண்டு விரல்தான், அதே ச்சேதான். கட்டைக்கு அடியில் இன்னொரு துண்டும் ஏறியது.

பாம்பு முடியும் தறுவாயில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இனிப் பொறுக்க முடியாது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர்தான் அவளிடம் சொன்னார், "உள்ள ஒரு வால்வு லூசா இருக்குடா, டாக்டர் டைட் பண்ணிடுவாரு" என்று. அவள் மெக்கானிக் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்கு முன் கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கடுகு என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லுவேன். அப்பாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லு."

"கதவுல இருக்கிற கோடு வளருது."

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"மொதல்ல தாழ்ப்பாளுக்குக் கீழ இருந்துச்சு. இப்ப மேல இருக்கு. தாழ்ப்பாள் வளராதுல்ல?"

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"மொத தடவையே. கட்டைக்கு அடியில ஒட்டுத் துண்டு இருந்துச்சு. புது ஆணி."

"அப்புறம் ஏண்டி கேக்கல?"

"கேட்டா அப்பா அழுவாரு. எனக்கு நெஞ்சு சரியில்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. டாக்டர் ரூம்ல பேசினீங்கல்ல, வெளிய கேட்டுச்சு. அதுக்குத்தானே அப்பா பண்றாரு?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரெண்டு விரல் பாக்கின்னு சொல்றப்ப அப்பா மூஞ்சி எப்படி இருக்கும் பாத்திருக்கியா? தப்பிச்ச மாதிரி இருக்கும். அதான் நானும் ச்சேன்னு சொல்லிடுவேன். நீ சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

என் உள்ளங்கையில் தட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்த வயதில் இப்படி ஒரு பாரத்தை யார் இவள் தலையில் ஏற்றியது என்று நினைத்தேன். நாங்கள்தான், வேறு யார்?

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது என்றார்கள். அதற்கப்புறம் காய்ச்சல் என்றார்கள். அதற்கப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். என் மகள் செத்துப்போனாள். இதை வேறு எப்படிச் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. போய்விட்டாள் என்கிறார்கள், தூங்கிவிட்டாள் என்கிறார்கள். அவள் எங்கும் போகிற பிள்ளை இல்லை.

அவர் சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். பாம்பின் அடியிலேயே கிடந்தார். வீட்டில் இருந்தால் கதவைப் பார்க்க வேண்டும், அதுதான் காரணம். நான் வீட்டிலேயே கிடந்தேன், எனக்குக் கதவைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த சட்டத்தைக் காணவில்லை. எடுத்துப் போய் எரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

பாம்பைத் திறக்கும் நாள் வந்தது. சின்னவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அக்கா, புதுப் பலகையில நீங்க நின்னாத்தான் எனக்கு நிம்மதி. வேற யாரையும் நம்பி நிறுத்த முடியல" என்றார். அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு இருந்த பகை அடங்கவில்லை. ஆனாலும் போனேன். எதற்காக இத்தனையும் நடந்ததோ அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நான் கேன்டீனில் சொன்னது அப்படியே நடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. தாத்தாக்கள், கைப்பிள்ளைக்காரிகள், அழும் தம்பிகள். மேலே வண்டி ஏறும்போது அவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பக்கம் வண்டி கவிழ்ந்து இறங்கும்போது ஓர் அலறல் வந்தது. அந்த அலறலில் சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அன்றைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர்கள் அதிகமாக இருந்தார்கள். முதல் நாள் என்றால் எல்லாரும் தங்கள் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன். திட்டு வாங்கினேன், அது எனக்குப் பழக்கம். அப்போது மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை செருப்பைக் கழட்டிவிட்டு, நான் சொல்லாமலே முதுகை ஒட்டி நின்றது. குதிகால் எக்கவில்லை. கொண்டை இல்லை.

கோட்டைத் தொடவில்லை.

"வீட்டுல நல்லா அளந்து பாத்துட்டுத்தான்மா கூட்டிட்டு வந்தோம்" என்றார் அதன் அப்பா.

"உங்க வீட்டு அளவு இங்க செல்லாது" என்று சொல்லிக்கொண்டே அதன் உச்சிக்கும் கோட்டுக்கும் நடுவில் விரலை வைத்தேன். இரண்டு விரல் போயிற்று. சரியாக இரண்டு.

"ச்சே" என்றது குழந்தை.

அந்தக் குழந்தையின் உச்சி என் நெஞ்சுக்குழிக்கு நேராக வந்தது. கடுகு என்னைக் கட்டிக்கொண்டால் அவள் உச்சியும் அங்கேதான் வரும். அதே இரண்டு விரல். இது வரைபடத்துக் கோடு இல்லை, என் வீட்டுக் கதவின் கோடு.

வரிசையை நிறுத்தினேன். வயர்லெஸ்ஸில் என் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். சின்னவரும் டேப்போடு ஓடிவந்தார். அளந்து பார்த்தால் கோடு நாலு விரல் ஏறியிருந்தது.

"நட்டண்ணே, எதை வச்சு அளந்தீங்க?"

அவர் இன்னும் புரியாமல், இயந்திர அறைக்குள் போய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு மரச்சட்டம். கைக்குப் பழகிய கட்டை, வரைபடத்துக்கு அறுத்த கட்டை என்றே எடுத்து வந்து கோடு போட்டிருக்கிறார். சட்டத்தின் அடியில் அவரே அடித்த இரண்டு துண்டுகளை அவர் மறந்தே போயிருக்கிறார். நான் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் கவிழ்த்துக் காட்டினேன். ஆணிகளைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னவர் எதையோ சத்தமாகச் சொல்ல வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "கோட்டைச் சரி பண்ணிடுங்க, திருப்பி அனுப்பினவங்களை மைக்ல கூப்பிடச் சொல்றேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நான் டேப்பைப் பிடித்தேன், அவர் பெயின்ட் தடவினார். கோடு ஓரிடத்தில் தடித்தது. மஞ்சள் கவுன் மறுபடி வந்து நின்றது. கோடு அதன் தலைக்குக் கீழே போய்விட்டது, பெயின்ட் முடியில் ஒட்டியது. இரண்டு விரல் கூடுதல். அப்படியென்றால் கடுகும் இதே கோட்டை எப்போதோ தாண்டிவிட்டிருந்தாள். என் மகளுக்கு உயரம் பத்தியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது, எதிரே வரிசை நின்றது.

அவரே அந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் முதல் வண்டியில், முதல் சீட்டில் உட்கார வைத்தார். கம்பியை மாட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். வண்டி கிளம்பி மேலே ஏறும் வரை அங்கேயே நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"நான் அவளை ஏமாத்திக்கிட்டே இருந்திருக்கேன்" என்றார்.

"நாமதான்."

"அவளுக்குத் தெரியாதுல்ல? கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டுதானே இருந்தா? அது ஒண்ணுதான் எனக்கு..." முடிக்கவில்லை. சட்டைப்பையில் நட்டை உருட்டிக்கொண்டே என் வாயைப் பார்த்தார்.

என் உள்ளங்கை எரிந்தது, கடுகு இப்போதுதான் தட்டிவிட்டுப் போன மாதிரி.

"நம்பினா" என்றேன். "உள்ள கொண்டுபோறப்பகூட, ரெண்டு விரல்தாம்மா பாக்கின்னு சொன்னா."

அவர் முகத்தில் அது வந்தது. தப்பித்த மாதிரி ஒன்று. தலையை ஆட்டிக்கொண்டு, மரச்சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு அடியில் போய்விட்டார். மேலே பிள்ளைகள் அலறிக்கொண்டு இறங்கினார்கள். வரிசையில் அடுத்த பிள்ளை பலகைக்கு வந்துவிட்டது.

"செருப்பைக் கழட்டு கண்ணு" என்றேன்.